முயல் காலைக் கீரையை மிச்சம் வைக்கிறது: மாலை வரை பொறுத்துப் பார்க்கலாமா?

காவிரிக்கரை | முதல் நாள், காலை 7.20

அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பெட்டை முயலின் பெயர் மொச்சை, வயது மூன்றரை. காலையில் ஒரு பிடி கொத்தமல்லியை வைத்தால், நான் கூண்டுக் கதவைச் சாத்துவதற்குள் பாதி காலியாகிவிடும். இன்று இலையை மட்டும் தின்றுவிட்டுத் தண்டுகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. நேற்று முன்தினத்திலிருந்து புழுக்கையும் சிறுத்துப்போனது போலத் தெரிகிறது. ஆனால் நான் எண்ணிப் பார்த்ததில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்றபடி எப்போதும் போல என் காலைச் சுற்றி ஓடுகிறது, காதும் நிமிர்ந்தே இருக்கிறது.

வெயில் கடுமையாக இருப்பதால் பசி மந்தமாகியிருக்கும், இரண்டு நாள் விட்டுப்பிடி என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் இருந்த முயல் ஓர் இரவு தீவனத்தைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். காலையில் அது விறைத்துக் கிடந்தது. ஆகவே அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன்: தண்டை ஒதுக்குவதெல்லாம் ஒரு அறிகுறியா, அல்லது நான்தான் மிரண்டுபோயிருக்கிறேனா?

மொட்டைமாடி | முதல் நாள், காலை 7.55

நீங்கள் மிரளவில்லை. எட்டு ஆண்டுகளாகச் சென்னையில் வீட்டுக்குள் முயல் வளர்க்கிறேன்; அதில் நான் கற்றுக்கொண்ட பாடம், முயலின் நோய் முயலிடம் தெரிவதற்கு முன்பே அதன் தட்டிலும் கூண்டின் அடியிலும் தெரிந்துவிடும் என்பதுதான். நாயும் பூனையும் வலித்தால் முனகும், நம்மிடம் வந்து ஒண்டும். முயலோ பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. தளர்ந்து காட்டினால் முதலில் பிடிபடுவது தான்தான் என்ற பயம் அதன் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. எனவே அது ஓடுகிறது, காதை நிமிர்த்துகிறது என்பதை வைத்து நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். அது மூலையில் ஒடுங்கி உட்காரும் நேரத்தில், நோய் தொடங்கிப் பல மணி நேரமோ பல நாட்களோ ஆகியிருக்கும்.

மாலை வரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாத முயலை அவசர நிலையில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். மொச்சை இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை என்பது நல்ல செய்தி. மருத்துவரைத் தேடும்போதே சிலவற்றைப் பார்த்து எழுதுங்கள். கடைசியாக முழுமையாக எப்போது தின்றது? தாடைக்கு அடியில் மயிர் ஈரமாக இருக்கிறதா? காதின் அடிப்பகுதி வழக்கம்போல் வெதுவெதுப்பாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா? பல்லைக் கடிக்கும் ஓசை கேட்கிறதா? தலையைத் தடவும்போது மெல்ல நறநறவென்று கேட்பது மகிழ்ச்சியின் ஓசை. யாரும் தொடாதபோது, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உரக்கக் கடித்தால் அது வலி. சமையலறைத் தராசு இருந்தால் எடையையும் பாருங்கள். கண்ணுக்குப் படாத மெலிவு தராசுக்குப் படும்.

மலையடிவாரம் | முதல் நாள், காலை 8.40

நான் திண்டுக்கல் பக்கம் நாற்பது கூண்டு வைத்திருப்பவன். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில்தான் முதல் சோடியை வாங்கினேன். அங்கே மலைக்குளிரில் இருந்த முயலை அடிவாரத்து வெயிலுக்கு இறக்கிய முதல் கோடையில் நான் பட்ட பாடு தனிக்கதை. ஆகவே சொல்கிறேன்: கோடையில் முயல் தீனியைக் குறைப்பது இயல்பு. ஒரு வேளை தண்டை ஒதுக்கியதற்காக ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினால், அந்த அலைச்சலும் வெயிலுமே அதற்கு நோயாகிவிடும். மிச்சம் வைக்கும் முயலெல்லாம் செத்துப்போகும் என்றால் என் பண்ணையில் இன்று ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அதற்காகக் கவனிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பண்ணையில் காலையில் முதல் வேலை தீவனத் தொட்டியைப் பார்ப்பதுதான். எந்தத் தொட்டியில் மிச்சம் இருக்கிறதோ அந்தக் கூண்டின் கம்பியில் ஒரு துணியைக் கட்டிவிடுவேன். மாலையில் அதே தொட்டியில் மறுபடியும் மிச்சம் இருந்தால் அந்த முயலை வெளியே எடுத்து வாய், காது, பாதம், வயிறு என்று முழுதாகப் பார்ப்பேன். வெயில்தான் காரணம் என்றால் எல்லா முயலும் சேர்ந்து குறைக்கும், மாலை தணிந்ததும் சேர்ந்து தின்னும். ஒன்று மட்டும் குறைத்தால் அது வெயில் இல்லை.

மொட்டைமாடி | முதல் நாள், காலை 8.58

ஐயா, நாற்பதில் ஒன்று தனித்துத் தெரிவது உங்களுக்குக் கிடைத்த வசதி. வீட்டில் ஒற்றை முயலை வளர்ப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க முப்பத்தொன்பது முயல்கள் இல்லை. அதன் நேற்றைய நடப்போடுதான் இன்றைய நடப்பை ஒப்பிட வேண்டும். அதனால்தான் எடையும் புழுக்கையும் கேட்டேன். நன்றாகத் தின்னும் முயல் நாளொன்றுக்கு இருநூறு முதல் முந்நூறு புழுக்கை வரை போடும். தினமும் எண்ண வேண்டியதில்லை. நலமாக இருக்கும் ஒரு நாளில் எண்ணி வைத்துக்கொண்டால் போதும், அதன் பிறகு கூட்டித் தள்ளும்போதே கணிசமாகக் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். பெரிய கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, உடைத்தால் உள்ளே புல்நார் தெரிந்தால் குடல் நன்றாக ஓடுகிறது. சிறுத்து, கறுத்து, இறுகி, நீள்சொட்டாக வந்தால் குடல் மெதுவாகிறது. மணி கோத்தது போல மயிரால் இணைந்து வந்தால், உதிரும் மயிரை நிறைய விழுங்குகிறது, நார் போதவில்லை.

காவிரிக்கரை | முதல் நாள், காலை 9.35

இருவருக்கும் நன்றி. தராசில் ஒரு பாத்திரத்தை வைத்து அதற்குள் உட்காரவைத்துப் பார்த்தேன்: 1,780 கிராம். சென்ற மாதம் நகம் வெட்டும்போது 1,910 இருந்தது. தூக்கும்போது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, அந்த அடர்ந்த மயிர் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டியபோதுதான் கணு கணுவாகத் தட்டுப்பட்டது.

காது வெதுவெதுப்பாகவே இருக்கிறது. பல் கடிக்கும் ஓசை இல்லை. ஆனால் தாடைக்கு அடியில் மயிர் ஈரமாகி, திரி திரியாக ஒட்டியிருக்கிறது. தண்ணீர் குடித்ததால் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்னொன்றையும் கவனித்தேன். அருகம்புல்லை நீட்டியதும் ஆவலோடு ஓடிவந்து வாயில் வாங்கியது. இரண்டு முறை மென்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. பிறகு புல்லைக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி மூன்று முறை. கடையில் வாங்கும் குச்சித் தீவனத்தை மட்டும் தின்கிறது.

கடைசிவரிசை | முதல் நாள், காலை 10.10

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். நேரில் பார்க்காமல் நோயைச் சொல்வது முறையல்ல. ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய நான்கு வரிகள் மிக முக்கியமானவை என்பதால் பதிலளிக்கிறேன்.

பசியே இல்லாத முயல் வேறு, பசித்தும் தின்ன முடியாத முயல் வேறு. முதல் வகை தீவனத்தின் பக்கமே வராது. வயிற்றில் வாயு, குடல் மந்தம், காய்ச்சல், உடலில் எங்கோ வலி என்று காரணம் பலவாக இருக்கலாம். இரண்டாம் வகை ஓடிவரும், வாயில் வாங்கும், கீழே போடும். மெல்லும் உழைப்பு அதிகமான புல்லையும் தண்டையும் விட்டு, எளிதில் நொறுங்கும் குச்சித் தீவனத்தையும் மெல்லிய இலையையும் தேர்ந்தெடுக்கும். அப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வாயைத்தான். முயலுக்கு 28 பற்கள்; அத்தனையும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் வளர்கின்றன. புல்லைப் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போதுதான் கடைவாய்ப் பற்கள் சமமாகத் தேயும். நார் குறைந்த உணவால் அந்தத் தேய்மானம் குறையும்போது ஓரங்களில் கூர்முனைகள் உண்டாகிவிடும். கீழ்ப்பற்களின் முனை நாக்கைக் குத்தும், மேற்பற்களின் முனை கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும். உதட்டைத் தூக்கி முன்பற்களைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று விடுபவர்கள் பலர். கடைவாய்ப் பற்கள் அப்படிப் பார்த்தால் தெரியாது, மருத்துவர் கருவியை நுழைத்து விளக்கடித்துத்தான் பார்க்க முடியும். தாடையின் ஈரமும் எடைக் குறைவும் இதனோடு பொருந்துகின்றன. ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறதா என்றும் பாருங்கள். மேற்பல்லின் வேர் நீண்டு கண்ணீர் வடியும் குழாயை அழுத்தினால் அப்படி ஆகும்.

பல் பிரச்சினைதானே, மெதுவாகப் பார்க்கலாம் என்று இருந்துவிட வேண்டாம். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். நார் உள்ளே போவது குறைந்தால் ஓட்டம் மந்தமாகும்; உள்ளே இருப்பது நீர் வற்றி இறுகும்; பெருங்குடலின் தொடக்கத்தில் பை போல இருக்கும் குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு வாயு சேரும்; வாயுவால் வலி, வலியால் தின்னாமை, தின்னாமையால் இன்னும் மந்தம். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உங்கள் முந்தைய முயல் ஓரிரவில் இறந்தது என்கிறீர்கள். அது ஓரிரவில் வந்த நோயாக இருந்திருக்க வேண்டியதில்லை.

முகத்தைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். முயலின் வலியை முகத்தைக் கொண்டு மதிப்பிட 2012இல் ஓர் அளவுகோல் வெளியிடப்பட்டது. கண் சுருங்குதல், கன்னம் தட்டையாதல், மூக்கின் வளைவு கூராதல், மீசை விறைத்தல், காது சுருண்டு பின்னால் சாய்தல் ஆகிய ஐந்தையும் அது கணக்கில் கொள்கிறது. நலமாக இருக்கும் நாளில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடுவது எளிது.

இன்றே காட்டுங்கள். வெயில் குறித்து மேலே ஐயா சொன்னது நியாயமே. ஈரத்துணி போர்த்திய கூடையில், ஒரு பிடி புல்லோடு கொண்டுபோங்கள். மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தாலும் முயலைப் பட்டினி போட்டுக் கொண்டுபோகக் கூடாது. அந்த விதி வாந்தி எடுக்கும் விலங்குகளுக்கானது.

புதுமுயல் | முதல் நாள், பகல் 12.15

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இந்த இழையைப் படித்துவிட்டு என் முயலின் கூண்டைப் போய்ப் பார்த்தேன். சிறுநீர் செங்கல் நிறத்தில் இருக்கிறது. புழுக்கைக்கு நடுவே கறுத்துப் பளபளப்பாக, திராட்சைக் கொத்து போல ஒட்டிய ஒன்று நாறிக்கொண்டு கிடந்தது. இரண்டும் நோயா? முயல் பெட்டை, வயது ஐந்து, கருப்பை நீக்கவில்லை, நன்றாகத் தின்கிறது.

மொட்டைமாடி | முதல் நாள், பகல் 12.50

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அது நோய்க்கழிவு அல்ல. குருட்டுக்குடலில் புளித்து உருவாகும் சத்துப் புழுக்கை. முயல் அதை ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிவிடும்; பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் நடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. எப்போதோ ஒரு முறை கிடந்தால் கவலையில்லை. தினமும் கிடந்தால், அல்லது பின்புற மயிரில் அப்பிக்கொண்டிருந்தால், ஏதோ சரியில்லை: தீவனத்தில் மாவும் இனிப்பும் அதிகம், அல்லது முயல் குனிய முடியாத அளவுக்குப் பருத்திருக்கிறது, அல்லது முதுகோ பல்லோ வலிக்கிறது. மழைக்காலத்தில் அந்த அழுக்கில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். ஒரே நாளில் தோலைத் துளைத்துவிடும் என்பதால் அந்த நாட்களில் வாலைத் தூக்கிப் பார்க்காமல் நான் தூங்குவதில்லை.

சிறுநீர் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். உணவில் மிஞ்சிய சுண்ணச்சத்தை முயல் சிறுநீரில்தான் வெளியேற்றுகிறது என்பதால் அது கலங்கலாக இருப்பது இயல்பு. இலைகளில் உள்ள நிறமிகளால் மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை மாறுவதும் இயல்பு. முழுதும் ஒரே சீராகச் சிவந்திருந்து ஓரிரு நாளில் மாறிவிட்டால் நிறமியாக இருக்கலாம். தெளிந்த சிறுநீரில் தனியே சிவப்புத் துளியோ கட்டியோ கிடந்தால் இரத்தம். கருப்பை நீக்காத ஐந்து வயதுப் பெட்டை என்கிறீர்கள். முயலுக்கு மாதவிலக்கு கிடையாது, ஆகவே இரத்தம் என்றால் அது நோய்தான். அந்த வயதில் கருப்பைப் புற்று மிகப் பரவலானது. சில இனங்களில் பாதிக்கு மேற்பட்ட பெட்டைகளுக்கு வருகிறது. சிறிது சிறுநீரை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துப் போங்கள், சோதனைப் பட்டையை நனைத்து அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மலையடிவாரம் | முதல் நாள், பகல் 2.30

மொச்சைக்குப் பல்தான் என்றால் நான் காலையில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கும் ஆள் நான் இல்லை. பண்ணையில் காலையும் மாலையும் பச்சைப்புல் அரைத்துக்கொண்டே இருப்பதால் பல் நோயை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் அதிகம் பார்த்தது உண்ணியால் வரும் சொறி. மூக்கின் நுனியிலும் காதின் ஓரத்திலும் கால்விரல் இடுக்கிலும் சுண்ணாம்பு காய்ந்தது போல வெள்ளைப் பொருக்கு தொடங்கும். இரண்டு வாரத்தில் முகம் முழுவதும் ஏறும், தூக்குகிறவர் கையிலும் அரிப்பு வரும். காதுக்குள்ளே செம்பழுப்புப் பொருக்கு அடுக்கடுக்காக இருந்தால் அது வேறு உண்ணி. தலையை அடிக்கடி உதறுவதும் பின்னங்காலால் காதைச் சொறிவதும் அதன் முதல் அறிகுறி. இதில் ஒரு எச்சரிக்கை: எங்கள் ஊரில் ஒருவர் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையே முயலின் பிடரியில் ஊற்றினார், மூன்றாம் நாள் வலிப்பு வந்து இறந்தது. அதில் இருந்தது பிப்ரோனில். நாய்க்கு ஆகும், முயலுக்கு நஞ்சு.

முன்னங்கால்களின் உட்புறத்தைப் பாருங்கள் என்றும் சொல்வேன். சளி பிடித்த முயல் மூக்கைக் கையால் துடைத்துக்கொண்டே இருக்கும்; மூக்கு சுத்தமாக இருக்கும், கையில் மயிர் காய்ந்து முறுக்கியிருக்கும். முயல் மூக்கால்தான் மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சுவிடும் முயலுக்கு நேரம் மிகக் குறைவு. வெயில் அடித்தாலும் அதே நிலைதான். காது சிவந்து சுடும், விலா வேகமாக ஏறி இறங்கும், கடைவாய் நனையும். அப்போது காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து நிழலில் விசிற வேண்டும். பனிக்கட்டித் தண்ணீரில் முக்கக் கூடாது.

காவிரிக்கரை | முதல் நாள், இரவு 9.05

இன்று நடந்ததை எழுதுகிறேன். முதலில் போன இடத்தில் மருத்துவர் இல்லை. அங்கிருந்த உதவியாளர் கூண்டைத் திறந்துகூடப் பார்க்காமல், வெயில் சூடு என்று சொல்லி, குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சிரப்பை எழுதிக் கொடுத்தார். வாங்கிவிட்டேன். கொடுப்பதற்கு முன் இங்கே கேட்கலாம் என்று தோன்றியதால் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

மாலையில் ஒரு நண்பர் சொன்ன வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் எடை பார்த்தார், பிறகு தாடை எலும்பை இரண்டு விரலால் நீவிப் பார்த்தார், கடைசியில் லேசான மயக்கம் கொடுத்து வாயைத் திறந்தார். என்னையும் அழைத்துக் காட்டினார். இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில், அரிசியின் நுனி அளவுக்கு ஒரு முனை நாக்குப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அது உரசிய இடத்தில் நாக்கில் வெள்ளையாக ஒரு புண். அரம் போன்ற கருவியால் தேய்த்துச் சமமாக்கினார். வலிக்கு மெலாக்சிகாம் கொடுத்திருக்கிறார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ஊறவைத்து மசித்த தீவனக்கூழை ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொன்னார்.

உணவு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். குச்சித் தீவனம், கேரட், கொத்தமல்லி, சில நேரம் பொரி என்றேன். புல்? எப்போதாவது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அதுவே திட்டு வாங்கியது போல இருந்தது.

கடைசிவரிசை | முதல் நாள், இரவு 9.30

அந்தச் சிரப்பைத் தூக்கிப்போடுங்கள். அமாக்சிசிலினை வாய்வழியே கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா பெருகிவிடும்; வந்த நோயை விட அந்தக் கழிச்சல் விரைவாகக் கொல்லும். கிளிண்டாமைசின், லிங்கோமைசின் ஆகியவையும் அப்படியே. எந்த மருந்தைத் தந்தாலும் முயலுக்கு வாய்வழியே கொடுக்கலாமா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

கூழ் ஊட்டுவதிலும் ஒரு கவனம் வேண்டும். வயிறு மெத்தென்று இருந்தால் ஊட்டலாம். திடீரென்று உப்பி, தட்டினால் பறை போல இறுகியிருந்தால், காதும் சில்லிட்டிருந்தால், குடல் அடைபட்டிருக்கலாம். அப்போது ஒரு துளியும் ஊட்டாமல் எந்த நேரமானாலும் மருத்துவரிடம் போக வேண்டும். முயலின் உடல் வெப்பம் பொதுவாக 38.5 முதல் 40 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும். அது 38க்குக் கீழே இறங்குவது காய்ச்சலை விட மோசமான செய்தி.

காவிரிக்கரை | நான்காம் நாள், காலை 7.40

முதல் இரண்டு நாள் கூழ் மட்டும்தான். அதில் பாதி என் சட்டையில். மூன்றாம் நாள் மாலை அருகம்புல்லை வாயில் வாங்கி, கீழே போடாமல், நீளவாக்கில் உள்ளே இழுத்து மென்றது. தாடை ஈரம் காய்ந்துவிட்டது. எடை 1,795. ஆறு வாரத்தில் மறுபடியும் வாயைக் காட்டச் சொல்லியிருக்கிறார். ஒரு முறை கூர்ந்த பல் மீண்டும் கூராகும் என்பதால் இது அடிக்கடி தொடரலாம் என்றார்.

பழைய நாட்காட்டி ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கூண்டருகே மாட்டியிருக்கிறோம்: ஞாயிறு தோறும் எடை, தினமும் மிச்சம் உண்டா இல்லையா. புழுக்கையை எண்ணும் வேலையை ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஏற்றுக்கொண்டாள். நேற்றைய கணக்கு 168. இன்று காலை கொத்தமல்லி வைத்தோம். தண்டு இரண்டு மிச்சம்.

மலையடிவாரம் | நான்காம் நாள், காலை 8.15

அருகம்புல்லோடு வேலிமசால் என்ற தீவனப் பயிரும் கொஞ்சம் நட்டுக்கொள்ளுங்கள் அம்மா, தொட்டியில் வரும். விதை வேண்டுமானால் அனுப்புகிறேன். தண்டு இரண்டும் மாலைக்குள் போய்விட்டதா என்று மட்டும் எழுதுங்கள்.

காவிரிக்கரை | நான்காம் நாள், மாலை 6.50

போய்விட்டன ஐயா.